மயில்கழுத்துக் கம்பளியில் கனகாம்பரம்

தண்டையார்ப்பேட்டையில் இருந்துகொண்டு கம்பளியில் சட்டை செய்கிறேன் என்றால், கேட்பவர்கள் முதலில் வானத்தைத்தான் பார்க்கிறார்கள். மார்கழி விடியற்காலையில்கூட எங்கள் மொட்டைமாடியில் ஒரு மெல்லிய பருத்திப் போர்வை போதும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் என் அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் நடக்கிறது. குளிரூட்டப்பட்ட அறையில், உடம்பின் ரத்தம் குழாய் வழியாக வெளியே வந்து இயந்திரத்துக்குள் சுற்றித் திரும்பும் அந்த நான்கு மணி நேரமும், சித்திரை மாதத்திலும் அம்மாவுக்குப் பல் கிட்டும் அளவுக்குக் குளிர்கிறது. சால்வை போர்த்தினால் தோளிலிருந்து நழுவுகிறது. ஸ்வெட்டர் போட்டால் அதன் கை, இடது முழங்கைக்கு மேலே உள்ள ஃபிஸ்டுலாவை, அதாவது டயாலிசிஸ் ஊசி செருகுவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்திருக்கும் இடத்தை, இறுக்குகிறது. அந்தக் கையை எந்தத் துணியும் அழுத்தக்கூடாது, ஊசி செருகிய இடம் செவிலியரின் கண்ணில் எப்போதும் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே கையில்லாத, முன்பக்கம் முழுவதும் திறக்கக்கூடிய, முதுகையும் மார்பையும் மட்டும் மூடுகிற ஒரு மேற்சட்டை வேண்டும் என்று முடிவு செய்தேன். தையல் விளிம்பு எதுவும் சாய்ந்து படுக்கும்போது முதுகில் உறுத்தக்கூடாது என்பதால் அதை, கம்பளி இழைகளையே இறுக்கித் துணியாக்கும் ஃபெல்ட்டாகவே செய்யத் தீர்மானித்தேன்.

ஃபெல்ட் நெய்யப்படுவதில்லை. பின்னி மில்லில் தறி ஓட்டி, 1996இல் மில் மூடப்பட்டபோது வேலையை இழந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் என் முதல் மாதிரித் துண்டைக் கையில் வாங்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஓரத்தை நகத்தால் பிரிக்கப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதுல பாவு எங்கே, ஊடை எங்கே?" என்று கேட்டார். நெடுக்கே ஓடும் பாவு நூல், குறுக்கே ஓடும் ஊடை நூல் இரண்டும் இல்லை என்றேன். அவர் நம்பாமல் இன்னொரு முறை ஓரத்தைப் பிரித்துப் பார்த்தார். வாழ்நாளில் பாதியைப் பாவுக்கும் ஊடைக்கும் இடையில் கழித்தவருக்கு, நூலே இல்லாத ஒரு துணி கையில் இருப்பது எப்படிப்பட்ட வியப்பு என்பதை அவர் முகத்தில் பார்த்தேன்.

கம்பளி இழையின் மேற்புறம் நாட்டு ஓடு வேய்ந்த கூரையைப் போன்றது. ஒன்றன்மேல் ஒன்று ஏறிய நுண்ணிய செதில்கள் எல்லாம் வேரிலிருந்து நுனியை நோக்கியே படிந்திருக்கின்றன. அதனால் இழையை அசைத்தால் அது வேர்ப்பக்கமாக எளிதில் நகர்கிறது, நுனிப்பக்கமாகத் திரும்பி வர முடிவதில்லை. வெந்நீர் இழையை இளக்குகிறது, சோப்பு வழுக்கல் தருகிறது, நம் கை அசைவைத் தருகிறது. இந்த மூன்றும் சேரும்போது ஒவ்வொரு இழையும் பக்கத்து இழைகளுக்குள் புகுந்து புகுந்து, பிறகு பிரிக்கவே முடியாதபடி இறுகிவிடுகிறது. தெரியாமல் வாஷிங் மெஷினில் போட்ட கம்பளி ஸ்வெட்டர் குழந்தைச் சட்டையாகச் சுருங்கி வெளியே வருவதும் இதே காரணத்தால்தான். வீட்டில் விபத்தாக நடப்பதை அளந்து, கணக்கிட்டு, வேண்டுமென்றே நடத்துவதுதான் ஈர ஃபெல்ட்.

ஆடறுக்கும் புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டி இவ்வளவு அருகில் இருக்கும்போது ஆஸ்திரேலியாவின் மெரினோ கம்பளியை ஏன் தபாலில் வரவழைக்க வேண்டும் என்று என் தங்கை கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் சென்னையைச் சுற்றி வளர்க்கப்படும் மெட்ராஸ் சிவப்பு செம்மறியின் உடம்பில் இருப்பது கம்பளி இல்லை, முடி. அது தடித்தது, நேரானது, சுருள் இல்லாதது. எவ்வளவு தேய்த்தாலும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாது. தமிழ்நாட்டிலேயே மென்மையான கம்பளி தருவது நீலகிரிச் செம்மறிதான், அந்த இனமும் மெரினோ உள்ளிட்ட வெளி இனங்களின் கலப்பால் உருவானது. டயாலிசிஸ் நோயாளிகளின் தோல் வறண்டு அரிக்கும் இயல்புடையது என்பதால், அம்மாவின் கழுத்தில் உரசப்போகும் துணியில் நான் எந்த சமரசமும் செய்துகொள்ள விரும்பவில்லை. மனிதத் தலைமுடி சுமார் 70 மைக்ரான் தடிமன் என்றால், நான் வாங்கிய மெரினோ 19 மைக்ரான். சீவி ஒழுங்குபடுத்தி, கைப்பிடி அகலத்துக்கு நீண்ட திரியாக வரும் அந்தக் கம்பளியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தபோது வைத்தது தெரியவில்லை.

நிறத்தை அம்மாவே சொன்னார். மயில்கழுத்து. பட்டுப்புடவையில் அந்த நிறம் பாவில் ஒன்றும் ஊடையில் வேறொன்றுமாக இரண்டு நிற நூல்கள் குறுக்கே ஓடுவதால் கிடைக்கிறது. எனக்கு நூல் இல்லை என்பதால், இரண்டு பங்கு நீலத் திரியையும் ஒரு பங்கு பச்சைத் திரியையும் சிறிது சிறிதாகப் பிய்த்து, சேர்த்து, மறுபடியும் பிய்த்துக் கலந்தேன். முழுவதும் ஒரே நிறமாகக் கலந்துவிடாமல் ஆங்காங்கே பச்சைக் கீற்று தெரியும்படி நிறுத்தியதுதான் சரியாக அமைந்தது.

இனி தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னுடைய முதல் மாதிரி கெட்டது தண்ணீரால்தான். எங்கள் தெருவில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும், பருப்புகூட வேகாது. கம்பளிக்கு என்ன போகிறது என்று நினைத்து அந்தத் தண்ணீரையே சுடவைத்து, தேங்காய் எண்ணெய் சோப்பைச் சீவிக் கரைத்து வேலையைத் தொடங்கினேன். தேங்காய் எண்ணெய் சோப்பு உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும் என்பதால் நுரையைப் பார்த்து ஏமாந்தேன். கடினத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, கரையாத பிசுக்காக மாறி, இழைகளுக்கு நடுவே படிந்துவிட்டன. எத்தனை முறை அலசினாலும் போகவில்லை. காய்ந்த துண்டு சாம்பல் பூத்து, அட்டைபோல விறைத்து, தொட்டால் கையில் வெள்ளையாக ஒட்டியது. அதன்பிறகு மெட்ரோ வாட்டர் வரும் நேரத்தில் நான்கு குடம் தனியாகப் பிடித்து வைத்து, அதில் மட்டுமே வேலை செய்தேன். துணி துவைக்கும் சோப்புத்தூளைத் தொடவே இல்லை. அவற்றில் பலவற்றில் புரதக் கறையைக் கரைக்கும் நொதிகள் இருக்கின்றன, கம்பளியும் புரதம்தான்.

இரண்டாவது மாதிரி 30 சென்டிமீட்டர் சதுரம், 18 கிராம் கம்பளி. முழுவதும் இறுகிய பிறகு அளந்தபோது பக்கத்துக்கு 19.5 சென்டிமீட்டர் இருந்தது, அதாவது 35 சதவீதம் சுருங்கியிருந்தது. கனம் அம்மாவின் கைக்குப் பிடித்திருந்தது. இந்த ஒரு எண் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் கணக்குதான். சட்டையின் பாதிச் சுற்றளவு 50 சென்டிமீட்டர் வர வேண்டும் என்றால் 50ஐ 0.65ஆல் வகுத்து 77 சென்டிமீட்டரில் தொடங்க வேண்டும். நீளம் 56 வேண்டும் என்றால் 86. மாதிரியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.02 கிராம் விழுந்திருந்தது. அதன்படி முன்னும் பின்னுமாகச் சேர்த்து 265 கிராம் கம்பளி தேவைப்பட்டது. மாதிரி செய்யாமல் நேரடியாகச் சட்டையில் இறங்குபவர்களை நான் பார்த்திருக்கிறேன். சுருங்கும் அளவு கம்பளிக்குக் கம்பளி, கைக்குக் கை மாறும்போது அந்தத் துணிச்சல் எனக்கு வராது, மற்றவர்களுக்கும் நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

பாரிமுனையில் பொட்டலம் கட்டும் பொருட்கள் விற்கும் கடையில் பபிள் ராப் வாங்கி, 77க்கு 86 என்ற அளவில் வெட்டி, தோள்பட்டை இரண்டையும் சற்றே சரித்துவிட்டேன். இந்த பிளாஸ்டிக்தான் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் நடுவே தடுத்து நிற்கும் அச்சு. ஒவ்வொரு பக்கத்துக்கும் நான்கு மெல்லிய அடுக்குகள், ஒவ்வோர் அடுக்கும் சுமார் 33 கிராம். முதல் அடுக்கில் இழைகள் கிடையாகப் படுத்தால் அடுத்த அடுக்கில் நெடுக்காகப் படுக்க வேண்டும். கீழ் விளிம்பைத் தவிர மற்ற மூன்று விளிம்புகளிலும் இழைகளை இரண்டு விரற்கடை வெளியே நீட்டிவிட்டு, ஈரப்படுத்தியபின் அவற்றை மறுபக்கத்துக்கு மடித்தேன். அதனால்தான் இந்தச் சட்டையின் தோளிலும் விலாவிலும் ஒரு தையல்கூட இல்லை. மின்விசிறியைப் போட முடியாது, ஓர் இழைகூட இடத்தில் நிற்காது. பங்குனி மாதத்தில் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று மணி நேரம் கம்பளி அடுக்குவது எளிதாக இல்லை, ஆனால் அந்த மூன்று மணி நேரத்தில் செய்த தவறு எதையும் பிறகு எந்தச் சூடும் எந்த உழைப்பும் சரிசெய்வதில்லை என்பதால் அவசரப்படவும் இல்லை.

பழைய கொசுவலைத் துண்டை மேலே விரித்து, கை பொறுக்கும் சூட்டில் சோப்புத் தண்ணீரைத் தெளித்து, முதலில் அழுத்த மட்டும் செய்ய வேண்டும். காற்றெல்லாம் வெளியேறி, கம்பளி தோசைபோலத் தட்டையாகப் படிந்த பிறகு மெதுவாகத் தேய்க்கலாம். அரைமணி நேரம் கழித்து மேற்பரப்பை இரு விரலால் கிள்ளித் தூக்கிப் பார்த்தேன். தனி இழை மேலே வராமல், பாலாடைபோல மொத்தமும் சேர்ந்து எழுந்தது. உருட்டலாம் என்பதற்கு அதுதான் அடையாளம். காஷ்மீரில் நம்தா விரிப்பு செய்பவர்கள் கம்பளியைப் புல் பாயில் வைத்துச் சுருட்டி உருட்டுகிறார்கள். எங்கள் வீட்டில் இருந்தது கோரைப்பாய். நடுவில் ஒரு பிவிசி குழாயை வைத்து இறுகச் சுருட்டி, இரு முனையிலும் கயிறு கட்டி, நானும் தங்கை மகளும் எதிரெதிரே உட்கார்ந்து உருட்டினோம். எந்தத் திசையில் உருட்டுகிறோமோ அந்தத் திசையில்தான் துணி அதிகம் சுருங்கும் என்பதால், 200 முறைக்கு ஒரு தரம் பிரித்து, கால் திருப்பம் திருப்பி, மறுபடியும் சுருட்ட வேண்டும். தங்கை மகள் வாய்ப்பாடுபோல உரக்க எண்ணினாள். எட்டுச் சுற்று, 1,600 முறை. அதன் முடிவில் உள்ளே இருந்த பிளாஸ்டிக் இடம் போதாமல் சுருண்டு மடங்கத் தொடங்கியது.

அப்போது முன்பக்கத்தை நடுவே நேராகக் கத்தரித்து, அச்சை உருவி எடுத்தேன். சற்றுத் தாமதித்திருந்தாலும் விலாவின் மடிப்பில் கம்பளி தடித்து வரப்புபோல நின்றிருக்கும். லேசாக நிற்கவும் செய்தது, உள்பக்கத்திலிருந்து இரு விலாவையும் பத்துப் பத்து நிமிடம் தேய்த்து அதைக் கரைத்தேன். பிறகுதான் உண்மையான சுருக்கம். சூடான தண்ணீரில் முக்கி, பிழிந்து, சப்பாத்தி மாவுபோலப் பிசைந்து, மொட்டைமாடிச் சிமென்ட் தரையில் மடேர் மடேர் என்று அடிக்க வேண்டும். மென்மையாக இருந்த மேற்பரப்பு எலுமிச்சைத் தோல்போலச் சிறு புள்ளிகளாகச் சுருளத் தொடங்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தேன். அளவு வந்தவுடன் நிறுத்திவிட வேண்டும், ஒரு சென்டிமீட்டர் கூடுதலாகச் சுருங்கினால் அதைத் திரும்பப் பெற வழி இல்லை. கழுத்தையும் கைத்துளைகளையும் இந்தக் கட்டத்தில் வெட்டினேன். இடது கைத்துளையை நான்கு விரற்கடை பெரிதாக விட்டேன். வெட்டிய விளிம்பில் சோப்பைத் தடவிக் கட்டை விரலால் தேய்த்தால் அது பிசிறில்லாமல் மூடிக்கொள்ளும், மடித்துத் தைக்கத் தேவையில்லை. நல்ல தண்ணீரில் ஐந்து முறை அலசி, கடைசி வாளியில் இரண்டு கரண்டி வினிகர் விட்டேன். சோப்பின் காரம் இழையில் தங்கிவிடாமல் அது முறித்துவிடும். மிஞ்சிய கம்பளியில் இரண்டு பொத்தான்களைச் சீடை உருட்டுவதுபோல உள்ளங்கையில் உருட்டிச் செய்தேன்.

அலங்காரத்தை எப்போது செய்வது என்பதில் எனக்கு இப்போது உறுதியான கருத்து உண்டு. ஃபெல்ட்டில் உருவம் வரைவது மிகப் பழைய கலை. சைபீரியாவின் அல்தாய் மலையில், பாசிரிக் என்ற இடத்தின் உறைந்த கல்லறை ஒன்றிலிருந்து 1949இல் எடுக்கப்பட்ட, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழைமையான ஃபெல்ட் திரையில், குதிரைமேல் வரும் வீரனின் உருவம் வண்ண ஃபெல்ட் துண்டுகளை வெட்டித் தைத்தே அமைக்கப்பட்டிருக்கிறது. ஊசியால் குத்தி உருவம் பதிப்பதோ மிக அண்மைக்காலத்தது. தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கில் பொருத்தப்பட்டுத் துணி இறுக்கிய ஊசியை, கையில் ஒற்றையாக எடுத்துக் கைவினைக்குப் பயன்படுத்தத் தொடங்கியது 1980களில், அமெரிக்காவில். துணி பாதி இறுகிய நிலையிலேயே ஊசி வேலையைச் செய்துவிட்டு, பிறகு சேர்த்துச் சுருக்குகிறவர்கள் உண்டு. பெரிய வட்டங்களுக்கும் கோடுகளுக்கும் அது பொருந்தும். நான் மாதிரியில் அப்படிச் செய்து பார்த்த சிறு பூ, துணி சுருங்கும்போது ஒரு பக்கமாக இழுபட்டு, இதழெல்லாம் கலங்கி, குங்குமம் சிந்தியதுபோல ஆகிவிட்டது. நுணுக்கமான உருவம் வேண்டுமென்றால் துணி முழுவதும் சுருங்கி, அலசி, காய்ந்த பிறகே ஊசியை எடுக்க வேண்டும்.

ஃபெல்ட் ஊசிக்குக் காது கிடையாது. மூன்று விளிம்புள்ள அதன் உடலில், கீழ்நோக்கிய சிறு வெட்டுகள் இருக்கும். குத்தும்போது அவை மேலே உள்ள இழையைப் பிடித்துத் துணிக்குள் தள்ளிவிடும், உருவும்போது வெறுமனே வெளியே வரும். மெத்தை தைக்கும் கடையில் வாங்கிய கெட்டியான ஸ்பாஞ்சை அடியில் வைத்து, உருவம் பிடிக்க 38ஆம் எண் ஊசியும், முடிக்க அதைவிட மெல்லிய 40ஆம் எண்ணும் பயன்படுத்தினேன்.

என்ன பூ என்பதில் கேள்வியே இல்லை. அம்மா வண்ணாரப்பேட்டை மார்க்கெட்டில் ஒரு பூக்கடைக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் கனகாம்பரம் தொடுத்துக் கொடுத்தவர். கழுத்து விளிம்பைச் சுற்றி ஒரு சரம் கனகாம்பரமும், இடையிடையே மரிக்கொழுந்தும் என்று வரைந்துகொண்டேன். ஆரஞ்சுக் கம்பளியில் ஒரு பாக்கு அளவு பிய்த்து, நடுவிலிருந்து ஐந்து பக்கமும் இதழ் விரித்து முதல் பூவைப் பதித்து அம்மாவிடம் காட்டினேன். அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "கனகாம்பரத்துக்குச் சுத்தியும் எதழ் ஏதுடி? எல்லாம் ஒரே பக்கமாத்தானே விரியும்" என்றார். மறுநாள் காலை ஒரு முழம் வாங்கி வந்து, ஒரு பூவை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். மெல்லிய குழல் ஒன்று நீண்டு, அதன் முனையில் இதழ் முழுவதும் ஒரே பக்கமாக விசிறிபோல விரிந்திருக்கிறது. விசிறியின் ஓரத்தில் ஐந்து மழுங்கிய மடல்கள், குழல் இதழோடு சேரும் இடத்தில் வெளிறிய மஞ்சள். நாற்பது ஆண்டுகளாகத் தலையில் வைத்துக்கொண்ட பூவை அன்றுதான் சரியாகப் பார்த்தேன்.

தவறான பூவைப் பிய்த்து எடுத்துவிட்டு மறுபடியும் தொடங்கினேன். ஊசி வேலையில் இந்த ஒரு சலுகை உண்டு, ஆழமாகக் குத்துவதற்கு முன் எடுத்துவிடலாம். முதலில் ஏழெட்டு இழைகளை நூல்போலத் திரித்துக் குழலைப் பதித்தேன். பிறகு ஆரஞ்சை விசிறியாக விரித்து, ஓரத்தை ஊசி முனையாலேயே உள்ளே மடித்து, மடலுக்கும் மடலுக்கும் நடுவே ஒரே கோட்டில் ஆறேழு குத்துக் குத்தினால் அங்கே பள்ளம் விழுந்து இதழ் பிரிந்து நிற்கிறது. கடைசியாக மஞ்சள், இரண்டே இழை. ஒரு பூவுக்கு இருபது நிமிடம் ஆனது. பூக்காரர்கள் வாழைநாரில் இரண்டு பூவை இந்தப் பக்கமும் இரண்டு பூவை அந்தப் பக்கமும் மாற்றி வைத்துத் தொடுப்பதைப் போலவே இங்கும் முகம் மாற்றி மாற்றி வைக்கச் சொன்னார் அம்மா. மொத்தம் 34 பூக்கள். சட்டையின் உள்பக்கத்தில் ஒவ்வொரு பூவுக்கும் பின்னால் ஆரஞ்சுப் பிசிறு தெரிய வேண்டும், அது தெரியாவிட்டால் பூ வேர்விடவில்லை என்று பொருள். வேலை முடிந்ததும் ஈரத் துணியை மேலே போட்டு இஸ்திரிப்பெட்டியை லேசாக வைத்து எடுத்தேன்.

இதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஊசி செங்குத்தாக இறங்கி செங்குத்தாகவே வெளியே வர வேண்டும், உள்ளே இருக்கும்போது சாய்த்தால் பட்டென்று ஒடிந்துவிடும். எனக்கு இரண்டு ஊசிகள் ஒடிந்தன. நோயாளி ஒருவர் நான்கு மணி நேரம் சாய்ந்து படுக்கப்போகும் சட்டைக்குள் ஊசி முனை தங்கிவிடுவதை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. ஒடிந்த அந்த நிமிடமே வேலையை நிறுத்தி, பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தத்தை அங்குலம் அங்குலமாக ஓட்டி, கிடைத்த முனையை மீதி ஊசியோடு பொருத்தி, இன்னொரு முழு ஊசியின் பக்கத்தில் வைத்து நீளம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். முதல் முனை ஸ்பாஞ்சுக்குள் இருந்தது. இரண்டாவது, பதினோராவது பூவின் குழலுக்கு அடியில் இருந்தது. அந்தப் பூவை முழுவதும் பிரித்துத்தான் எடுக்க முடிந்தது.

முடிந்த சட்டை சமையலறைத் தராசில் 262 கிராம். இந்த எண்ணையும் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. டயாலிசிஸுக்கு முன்னும் பின்னும் எடை பார்த்துத்தான் எவ்வளவு நீர் எடுப்பது என்று கணக்கிடுகிறார்கள், அங்கே நூறு கிராமுக்கும் கணக்கு உண்டு. அம்மா எடை மேடையில் ஏறும்போது இதைக் கழற்றி என் கையில் கொடுத்துவிடுகிறார், கட்டிலில் படுத்ததும் போட்டுக்கொள்கிறார். மாதம் ஒருமுறை குளிர்ந்த நல்ல தண்ணீரில், பிசையாமல், முக்கி மட்டும் அலசி, துண்டில் சுருட்டி ஈரம் ஒற்றி, நிழலில் கிடையாக உலர்த்துகிறேன். கம்பளி தின்னும் அந்துப்பூச்சிக்குப் பயந்து, பட்டுப்புடவைக்கு வைப்பதுபோல ஒரு துண்டு வசம்பைத் துணியில் முடிந்து கூடவே வைத்திருக்கிறேன். இரண்டு மாதத்தில் இடது கைத்துளையின் ஓரத்தில் மட்டும் சிறு உருண்டைகளாகப் பிசிறு எழுந்திருக்கிறது. அதை வெட்டாமல், 40ஆம் எண் ஊசியால் மறுபடியும் உள்ளே குத்திவிட்டேன்.

அந்த 19.5 சென்டிமீட்டர் மாதிரித் துண்டை நான் தூக்கிப் போட இருந்தேன். அம்மா அதைக் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். இப்போது ஒவ்வொரு முறையும் ஊசி செருகிய இடது கைக்கு அடியில், கட்டிலின் ரெக்ஸின் உறை சில்லென்று படாமல் இருக்க, அதை நான்காக மடித்து வைத்துக்கொள்கிறார்.